வேலை முடிந்தபின் வரும் இரவு
சபர் புறப்படுவோர் படிக்கத்தக்க சில நூல்கள்

வெளிநாடு செல்லும் பிள்ளைக்காக நம் இல்லங்களில் எத்தனை ஆயத்தங்கள் நடைபெறுகின்றன! கடவுச் சீட்டு, விசா, மருத்துவச் சான்று, ஊறுகாய்ப் புட்டி, பருப்புப் பொடி, தலைவலித் தைலம் என ஒவ்வொன்றும் சரிபார்க்கப்படுகிறது. சம்பளம் எவ்வளவு, தங்குமிடம் உண்டா, சாப்பாடு கம்பெனியுடையதா என்று உறவினர் வரிசையாக வினவுகின்றனர். வேலை முடிந்தபின் இரவை எவ்வாறு கழிப்பாய் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. எங்கள் நல்லூர்ப் பக்கத்திலிருந்தும், பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்திலிருந்தும் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் செல்வோரில் பலர் இருபது வயதைச் சற்றே கடந்தவர்கள். கைம்மருதாணி அழியுமுன் மனைவியைப் பிரிகிறவர்களும் அவர்களில் உண்டு.

மதீனாவில் ஓரிரவு நகர்சுற்றி வந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள், போர்முனைக்குச் சென்ற கணவனை எண்ணி ஒரு பெண் பாடிய துயரப் பாட்டைச் செவியுற்றார்கள். கணவனைப் பிரிந்து ஒரு பெண் எவ்வளவு காலம் பொறுத்திருப்பாள் என்று தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் வினவினார்கள். நான்கு மாதம் என்றும், ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் காணப்படுகின்றன. அக்கெடுவுக்கு மேல் படைவீரரை நிறுத்திவைப்பதில்லை என்று முடிவும் செய்தார்கள். நம் பிள்ளைகள் கையொப்பமிடும் ஒப்பந்தமோ பெரும்பாலும் இரண்டாண்டு. பொறுமை கொள் என்ற ஒரே சொல்லைக் கொடுத்தனுப்பி அவ்விரண்டாண்டையும் கடக்கச் சொல்கிறோம்.

மதரஸாவில் பாடம் நடத்துகிறவன் நாவல் படிக்கச் சொல்கிறானே என்று புருவம் உயர்த்துவோர் இருக்கலாம். நல்லுரை நூல்கள் நம்மிடம் நிறையவே உள்ளன. அவை செய்யாதே என்று விலக்கும். ஒருவன் எந்த வேளையில், எந்த மனநிலையில், யார் அழைத்து அங்கே போகிறான் என்பதை நாவலாசிரியனே காட்டுகிறான்.

அவ்வகையில் முதலிடம் ப. சிங்காரத்துக்கு. 1920இல் சிங்கம்புணரியில் பிறந்த அவர், இளவயதிலேயே சுமத்ராவின் மெடான் நகருக்குப் பிழைக்கச் சென்றவர். அங்கு மணந்த மனைவியைப் பிரசவத்தில் பறிகொடுத்தார். தாயகம் திரும்பி மதுரையில் 'தினத்தந்தி'யில் பணியாற்றினார். மறுமணம் செய்யாமல், அந்நகரின் ஒய்.எம்.சி.ஏ. விடுதியிலேயே நெடுங்காலம் தனித்து வாழ்ந்து, 1997இல் மறைந்தார். எழுதிய நாவல்கள் இரண்டே.

1959இல் வெளிவந்த 'கடலுக்கு அப்பால்' பினாங்கில் வட்டிக்கடையில் பணிபுரியும் செல்லையாவின் கதை. முதலாளியின் மகள் மரகதத்தை அவன் விரும்புகிறான். அவளும் விரும்புகிறாள். திருமணம் கைகூடவில்லை. கிடைக்காததைக் கிடைக்காதது என ஏற்றுக்கொண்டு எஞ்சிய வாழ்நாளை நடத்துவது எப்படி என்பதே நாவலின் மையம். காதல் முறிந்தவுடன் கயிற்றையோ புட்டியையோ தேடும் இளைஞருக்கு நான் முதலில் கொடுக்க விரும்புவது இதனைத்தான்.

1972இல் வெளியான 'புயலிலே ஒரு தோணி' அளவில் பெரியது, கூச்சமும் அற்றது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து மெடானிலும் பினாங்கிலும் தமிழிளைஞர் கூடும் மதுக்கடைகளும் விலைமகளிர் இல்லங்களும் அதில் மறைவின்றி வருகின்றன. அப்பக்கங்களைப் பிள்ளைகள் படிக்கலாமா? படிக்கலாம் என்பதே என் கருத்து. அங்கே இன்பம் கொஞ்சம். சலிப்பும் ஊர் நினைவும் மிகுதி. குடித்தவர்கள் அமர்ந்து பேசுவதெல்லாம் மதுரையைப் பற்றியும், விட்டு வந்த தெருக்களைப் பற்றியுமே. நாயகன் பாண்டியன் ஊர் திரும்பும் ஏக்கத்தோடு அந்நிய மண்ணிலேயே மடிகிறான். இரவு விடுதியின் விளக்கொளியில் மயங்குவதற்கு முன் இதனைப் படித்தவனுக்கு, அவ்வொளியில் அமர்ந்திருப்பவர்களின் முகம் எத்தகையது என்பது தெரிந்திருக்கும்.

இங்கே ஒரு செய்தி. நம் விருத்தாசலத்தின் பெயரையே இயற்பெயராகக் கொண்டவர், 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தன். அவருடைய 'துன்பக் கேணி' இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன ஏழைப் பெண்ணின் கதை. வீட்டு வேலைக்கென்று மகளிரை அனுப்பும் குடும்பத்தார் அதனை அவசியம் வாசிக்க வேண்டும்.

நாவல் பிடிக்காதவர்களுக்கு ஓர் அரசாங்க அறிக்கையைச் சொல்கிறேன். 2013ஆம் ஆண்டு டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு. சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், விடுதி திரும்பும் பேருந்திலிருந்து இறக்கப்பட்ட தமிழகத் தொழிலாளர் ஒருவர் அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி மாண்டார். அவர் மது அருந்தியிருந்தார். தொடர்ந்து கலவரம் மூண்டு வாகனங்கள் எரிந்தன. இருபத்தைந்து பேர்மீது வழக்குப் பதிவாயிற்று; மேலும் பலர் நாடு கடத்தப்பட்டனர். முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான குழு 2014இல் அளித்த அறிக்கை மதுவை ஒரு முக்கியக் காரணமாகக் காட்டிற்று. வாரத்தில் ஒரே ஒரு மாலை மட்டும் தமக்கென வாய்த்தவர்கள் அதனை எங்கே, எப்படிக் கழிப்பார்கள் என்ற கேள்வியும் அதற்குச் சமமான எடை கொண்டது என்பேன். 2015 முதல் அந்நாட்டில் இரவு பத்தரை மணியிலிருந்து காலை ஏழு மணிவரை பொதுவிடத்தில் மது அருந்துவது குற்றம். லிட்டில் இந்தியாவில் வார இறுதியில் கட்டுப்பாடு இன்னும் கடுமை.

விலக்கப்பட்டதை நாடாமல் நிக்காஹ் செய்துகொண்டால் தீர்ந்தது என்போர் இப்னு பதூதாவின் பயண நூலைப் புரட்டலாம். பதினான்காம் நூற்றாண்டில் மாலத்தீவில் காஜியாக இருந்த அவர் அங்கே பல மணங்கள் புரிந்தார். கப்பலில் வருவோர் மணந்து, புறப்படும்போது தலாக் சொல்லிப் போகும் வழக்கத்தையும் எழுதியிருக்கிறார். விட்டுச் செல்லப்பட்ட பெண்கள் நூல் ஏதும் எழுதவில்லை. இன்றோ, சிங்கப்பூரில் வேலை அனுமதிச் சீட்டில் பணிபுரிகிறவர் அந்நாட்டுக் குடிமகளையோ நிரந்தரவாசியையோ மணக்க அரசின் முன்னனுமதி பெற்றாக வேண்டும்.

சகோதரிகளே, உங்களுக்கும் ஒரு நூல் உண்டு. துவரங்குறிச்சியைச் சேர்ந்த சல்மா 2004இல் வெளியிட்ட 'இரண்டாம் ஜாமங்களின் கதை'. நம்மவரிடையே முகச்சுளிப்பை ஏற்படுத்திய நாவல்தான். கணவனை மறுத்துத் தாய்வீடு திரும்பும் ஃபிர்தவ்ஸ் அண்டை வீட்டு ஆடவனோடு கொண்ட உறவு அவள் உயிரையே குடித்துவிடுகிறது. ஆணின் இரவைப் பற்றிக் கவலைப்படும் ஊர், வீட்டில் இருப்பவளுக்கும் அதே நீளமுள்ள இரவு உண்டு என்பதை மறந்துவிடுவதை அதில் காணலாம். கேரளத்தில் 1970களின் பிற்பகுதியில் எஸ்.ஏ. ஜமீல் பாடிய 'துபாய் கத்துப் பாட்டு' இதனையே மனைவி எழுதும் கடிதமாகச் சொல்லிற்று. கணவன் எழுதும் மறுமொழியையும் அவரே பின்னர்ப் பாடினார். ஒலிநாடாவில் அவ்விரண்டையும் கேட்டு அழுத மலையாளிகள் வளைகுடாவில் ஏராளம்.

சல்மாவின் நாவலைப் புறப்படுமுன் கணவரும் படித்துவிட்டுப் புத்தகத்தை வீட்டிலேயே வைத்துச் செல்லட்டும். 'புயலிலே ஒரு தோணி' எளிதில் முடிவதன்று. விசாவுக்காகக் காத்திருக்கும் நாட்களிலேயே அதனைத் தொடங்கிவிடுங்கள்.