குருதிவழி வரும் இருதய நோய்

கரைவலை இழுப்போர் வரிசையில் நின்ற 25 வயது இளைஞன் ஒருவன், நோய்நொடி அறியாதவன், கயிற்றைப் பற்றியபடியே வீழ்ந்து இறந்தான் என்று வைத்துக்கொள்வோம். சிலாபம் முதல் உடப்பு, கற்பிட்டி வரையுள்ள கரையோரக் கிராமங்களில் அதற்குக் காரணம் பலவாறு கூறப்படும். வெயில் என்பர் சிலர். கண்ணூறு என்பர் வேறு சிலர். விதி என்று அமைவோரே பலர். இறந்தவனின் சிறிய தகப்பனாரும் இளவயதில் இவ்வாறே மாண்டார் என்று மூதாட்டி ஒருத்தி நினைவுகூர்வாளாயின், அந்த ஒரு சொல்லே வைத்தியருக்குப் பெருந்துணையாகும்.

இத்தகைய மரணங்களுள் சிலவற்றுக்குக் காரணம் இருதயத் தசை தடிக்கும் நோயாகும். இருதயத்தின் இடது கீழறைச் சுவர் ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் தடிப்புடையது. இந்நோயிலோ, இரத்த அமுக்கம் முதலிய வேறு காரணமின்றியே அது 1.5 சென்ரிமீற்றரும் அதற்கு மேலும் தடிக்கின்றது. உலகில் 500 பேருக்கு ஒருவர் அளவில் இது காணப்படுகின்றது. பலருக்கு ஆயுள் முழுவதும் தொல்லை இல்லை. சிலருக்கு மூச்சுமுட்டும், நெஞ்சு நோகும், படபடக்கும். மிகச் சிலருக்கே நாடித்துடிப்பு திடீரெனத் தாறுமாறாகி உயிர் பிரிகின்றது.

பெற்றோருள் ஒருவரிடம் இந்நோய்க்குரிய பழுதடைந்த பரம்பரையலகு இருப்பின், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்து சேர்வதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு. ஆண், பெண் என்ற வேறுபாடு இதில் இல்லை. மச்சான் மச்சாள் மணமுறையில் இருபாலிலிருந்தும் பழுது வந்து கூடுமாயின், நோய் இளமையிலேயே கடுமையாகத் தோன்றக்கூடும்.

2009ஆம் ஆண்டில் ஐதராபாத்து ஆய்வாளர் குமாரசாமி தங்கராஜ் முதலியோர், தென்னாசிய மக்களுள் 100க்கு 4 பேரிடம் இருதயத் தசைப் புரதமொன்றுக்குரிய பரம்பரையலகில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதாக அறிவித்தனர். இலங்கையரிடத்தும் அது காணப்பட்டது. செய்தி பலரைக் கலங்கச் செய்தது. ஆயினும் பின்னைய ஆய்வுகள், அவ்விடுபாடு மட்டும் பெருந்தீங்கு செய்வதில்லை என்றும், அதனுடன் சிலரிடம் சேர்ந்து வரும் வேறு மாற்றங்களே பெரிதும் காரணம் என்றும் காட்டின. பழுதைச் சுமப்பது வேறு, நோயுறுவது வேறு என்பதை அஞ்சுவோர் முதலில் அறிதல் நன்று.

இக்கரையில் உண்மையான இடர் வேறொன்று. பெண்ணுக்குச் சம்பந்தம் தவறிப்போகும் என்று குடும்பத்தார் நோயை மறைத்துவிடுகின்றனர். குடும்ப மானம் காக்கும் எண்ணம் விளங்கத்தக்கதே. ஆனால், மறைத்ததன் விலையை இறந்தவனின் உடன்பிறந்தாரும் அவர்தம் மக்களும் அன்றோ செலுத்த நேர்கின்றது!

50 வயதுக்குட்பட்ட நெருங்கிய உறவினர் எவரேனும் திடீரென இறந்திருந்தால், அல்லது ஒருவருக்குப் பாடுபடும்போதே மயக்கம் வந்திருந்தால், அதனை வைத்தியரிடம் கூறவேண்டும். ஈ.சி.ஜி. எனப்படும் மின்பதிவும், எக்கோ எனப்படும் ஒலியலைப் படமும் எடுத்து அவர் ஆராய்வார். இவற்றுக்கு ஊசி குத்தல்கூட இல்லை. அரச வைத்தியசாலைகளில் கட்டணமும் இல்லை. இன்று குற்றமில்லை என்ற முடிவு என்றென்றைக்குமானதன்று. தடிப்பு பெரும்பாலும் பருவமடையும் காலத்தை ஒட்டியே வெளிப்படுகின்றமையின், சிறுவருக்கு ஓரிரு ஆண்டுக்கொருமுறையும், வளர்ந்தோருக்கு 3 முதல் 5 ஆண்டுக்கொருமுறையும் சோதனை மீளவேண்டும்.

நோய் உறுதிப்பட்டவர் தொழிலைக் கைவிட வேண்டும் என்பது நியதியன்று. நாடியைத் தணிக்கும் மருந்துகள் உள. ஆபத்து மிகுந்தோர்க்கு, தாறுமாறான துடிப்பை உடனே திருத்தும் சிறு மின்கருவி மார்பிற் பொருத்தப்படுகின்றது. வலையிழுப்பதும் சங்கு குளிப்பதும் தமக்கு ஆகுமா என்பதை வைத்தியருடன் பேசித் தீர்மானித்தல் வேண்டும். எவ்வாறாயினும், வள்ளத்தில் தனியே செல்லுதலும், உச்சிவெயிலில் நீரருந்தாது பாடுபடுதலும் இவர்களுக்கு ஆகா. உடன்செல்வோருக்கு நோயின் பெயரும், மயங்கினால் மார்பை அழுத்தி உயிர்காக்கும் முறையும் தெரிந்திருத்தல் வேண்டும்.