இரும்பை அடக்கும் கூடு

இரத்தப் பரிசோதனை அறிக்கையில் சில நேரம் ‘ஃபெரிட்டின்’ என்றொரு வரி இருக்கும். உடலில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் உள்ளது என்பதை மருத்துவர் அதைப் பார்த்துக் கணிப்பார். வேதியியலாளர்களோ அந்தப் புரதத்தின் வடிவத்தில் மனதைப் பறிகொடுத்தார்கள்.

24 புரதத் துண்டுகள் தாமாகவே கூடி, உள்ளே வெற்றிடமுள்ள உருண்டையாகின்றன. வெளி விட்டம் சுமார் 12 நானோமீட்டர், உட்குழிவு 8. ஒரு தலைமுடியின் குறுக்கே ஆயிரக்கணக்கில் அடுக்கலாம். சுவரிலுள்ள நுண்துளைகள் வழியே கரைந்த இரும்பு நுழைகிறது. ஆக்சிஜனேற்றமடைந்து, துருவைப் போன்ற கனிமமாக உள்ளே படிகிறது. ஒரே கூட்டில் ஏறத்தாழ 4,500 இரும்பு அணுக்கள்வரை அடங்கும். கட்டின்றித் திரிந்தால் செல்லைச் சிதைக்கக்கூடிய இரும்பு, இங்கே குதிரில் கொட்டிய நெல்லாகக் காத்திருக்கிறது.

இந்த இரும்பைக் கரைத்து வெளியேற்றினாலும் கூடு குலையாது. அப்படியானால் அதற்குள் வேறு வினை நடத்தலாமே? 1991-இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் மான் குழுவினர் மாங்கனீசு ஆக்சைடை அதற்குள் உருவாக்கிக் காட்டினார்கள். வெறும் கரைசலில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்து, வண்டலாக இறங்கிவிடும். கூட்டுக்குள் வளரும் துகள் சுவரைத் தொட்டதும் நின்றுவிடும். அச்சில் வார்த்ததுபோல் அளவு அமைந்துவிடுகிறது.

1998-இல் அமெரிக்காவின் டிரெவர் டக்ளஸும் மார்க் யங்கும் காராமணிச் செடியைத் தாக்கும் ஒரு வைரஸை எடுத்துக்கொண்டார்கள். மரபுப்பொருளை நீக்கினால் மிஞ்சுவது 180 புரதத் துண்டுகளாலான ஓடு. சுற்றியுள்ள நீரின் அமிலத்தன்மை குறைந்தால் ஓடு உப்பித் துளைகள் திறக்கும், கூடினால் மூடிக்கொள்ளும். கதவு வைத்த பாத்திரம்! நோய்க்கிருமியின் ஓட்டில் இதைக் கண்ட கண்களை எண்ணி இன்றும் வியக்கிறேன்.

2004-இல் ஜப்பானின் நகோயாவில் உவேனோ, வதனபே குழுவினர் ஃபெரிட்டின் கூட்டுக்குள் பல்லேடியம் துகளை வளர்த்து, அதையே வினையூக்கியாக்கினார்கள். சிறிய மூலக்கூறுகள் துளைவழி எளிதாகப் புகுந்து ஹைட்ரஜனை ஏற்றன, பெரியவை பின்தங்கின. யார் உள்ளே வரலாம் என்பதைச் சுவர் முடிவு செய்தது.

ஆனாலும் புரதம் புரதந்தான். கடும் வெப்பமும் வீரியமான கரைப்பான்களும் அதைக் குலைத்துவிடும். ஆலைகளின் பெரிய உலைகளுக்கு இது மாற்றாகாது. தண்ணீரில், மிதமான சூட்டில், அளவு பிசகாமல் நடக்க வேண்டிய வினைகளுக்கே இந்தப் பாத்திரம் ஏற்றது.