சாலையோரத்தில் நின்ற சிப்பாய்

கோலா குபு பாருவில் ஆரம்பப்பள்ளியில் படித்தபோது, மெர்டேகா ஊர்வலத்தில் கொடி பிடித்து நடப்பேன். தாத்தா சாலையோரத்தில் நின்று பார்ப்பார். பேண்டு சத்தம் நெருங்கியதும் அவருடைய கூன் முதுகு நிமிரும். குதிகால்கள் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். "ஏன் தாத்தா இப்படி நிக்கிறீங்க?" என்று கேட்டால், "பழக்கம்டா" என்பார். அதற்கு மேல் பேசமாட்டார்.

பால்மரம் வெட்டிய அந்தக் கைகள் ஒரு காலத்தில் துப்பாக்கி பிடித்தவை என்பது, அவர் இறந்த பிறகு பாட்டி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

1943 ஜூலை 2ஆம் தேதி நேத்தாஜி சிங்கப்பூர் வந்தார். 5ஆம் தேதி பாடாங் திடலில் இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டார். இந்தியாவைக் கண்ணால்கூடப் பார்த்திராத தோட்டப்பிள்ளைகள் பலர் அதன் விடுதலைக்காக அந்தப் படையில் சேர்ந்தார்கள். அதே காலத்தில்தான் சயாம் மரண ரயில் பாதை நம் லயங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோரை விழுங்கிக்கொண்டிருந்தது. அக்டோபர் 22இல் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. அதில் சேர்ந்த கோலாலம்பூர் பெண் ஜானகி ஆதி நாகப்பனுக்கு 2000ஆம் ஆண்டில் இந்தியா பத்மஸ்ரீ வழங்கியது. 2014இல் அவர் மறைந்தார்.

போர் முடிந்து பிரிட்டிஷார் திரும்பியதும், என் தாத்தா மீண்டும் பால்வெட்டுக்குப் போனார். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்த பாட்டி, அவருடைய சீருடையை அடுப்பில் போட்டு எரித்தாராம்.

2019 ஜனவரி 26இல் டில்லி குடியரசு தின அணிவகுப்பில், தொண்ணூறு வயதைத் தாண்டிய நான்கு ஐ.என்.ஏ. வீரர்கள் முதன்முறையாக இடம்பெற்றார்கள். தொலைக்காட்சியில் அதைப் பார்த்தபோது, எங்கள் ஊர்ச் சாலையோரத்தில் நின்ற தாத்தாதான் கண்முன் வந்தார். நானாவது இன்னொரு முறை கேட்டிருக்கலாம்.

நம் நாட்டில் ஜூலை 31 வீரர் தினம். அவசரகாலத்தில் காட்டுக்குள் காவல் நின்ற ராணுவத்தினரும் போலீஸ்காரர்களும் இன்று தள்ளாத வயதில் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில், அடுத்த தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே போய் உட்காருங்கள். கைப்பேசியில் அவர் குரலைப் பதிவு செய்யுங்கள். ஊர்வல நாளில் அவரை அழைத்துப்போய், முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள்.