பல்கலைக்கழகப் பணியாளர்க்குத் திட்ட மேலாண்மைப் பயிற்சி: பேரகராதி வழி ஒரு நோக்கு

பல்கலைக்கழகப் பணியாளர்க்குத் திட்ட மேலாண்மை கற்பிப்போர் பாலத்தையும் கட்டடத்தையும் எடுத்துக்காட்டாகக் கொள்வதுண்டு. கட்டடம் முடிந்ததைக் கண்ணால் காணலாம். அகராதி, சுவடி மின்னுருவாக்கம் போன்ற பணிகளில் முடிவை நாமே வரையறுத்தல் வேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இதற்குத் தக்க பாடம். 1913இல் சாண்ட்லர் பதிப்பாசிரியராகப் பொறுப்பேற்றார், 1926இல் எஸ். வையாபுரிப்பிள்ளை அப்பொறுப்பை ஏற்றார். ஆறு தொகுதிகள் 1936இல் நிறைவுற்றன. ஓரிலட்சம் ரூபாய் என மதிப்பிடப்பட்ட செலவு நான்கிலட்சத்தைக் கடந்தது. விளைந்த நூலின் தகுதி நோக்க அச்செலவு மிகையன்று என்பதே என் கருத்து. ஆயின் குறுங்கால நல்கையை நம்பியிருக்கும் அயலகத் தமிழ்த்துறைக்கு அத்தகைய கால நீட்டிப்பு வாய்ப்பதரிது. நல்கை தீர்ந்ததும் பணியாளர் பிரிவர். பாதித் தரவு தேங்கிவிடும்.

ஆகவே பயிற்சியில் பணியாளர் தம் சொந்தத் திட்டத்தையே கையிலெடுக்க வேண்டும். நூறு பதிவுகளைச் செய்து, செலவான நேரத்தை அளந்து, அதிலிருந்து மொத்தக் காலத்தைக் கணிக்கலாம். அந்நூறும் பல எழுத்துகளிலிருந்து எடுக்கப்படுதல் நன்று. ஔகாரத்தை முடித்தவர் ககரத்தை அளந்தவர் ஆகார். எந்நாளுக்குப் பின் புதிய மூலம் ஏற்கப்படாது, அதனை முடிவுசெய்பவர் யார் என்பனவும் எழுத்தில் அமைதல் வேண்டும். பிந்தி வருவன பிற்சேர்க்கைக்குச் செல்லலாம். பேரகராதிக்கும் 1939இல் ஒரு பிற்சேர்க்கை வெளிவந்தது.