உணர்குறியும் அறிகுறியும்

நோயைப் பற்றிய அடையாளம் எதுவாயினும் அதனை 'அறிகுறி' என்றே நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். மருத்துவ நூலோர் அதனை இருவகையாகப் பகுப்பர். நோயாளி தம்முள் உணர்ந்து உரைப்பது உணர்குறி. பிறர் கண்டும் தொட்டும் கேட்டும் அளந்தும் அறிவது அறிகுறி.

மஞ்சட்காமாலையை எடுத்துக்கொள்வோம். பசியின்மையும் குமட்டலும் அயர்வும் உணர்குறிகள். நோயாளி சொன்னாலன்றி அவை விளங்கா. விழிவெண்மையில் படர்ந்த மஞ்சள் நிறமும், விலாவின் கீழ்க் கைக்குத் தட்டுப்படும் கல்லீரல் வீக்கமும் அறிகுறிகள். மருத்துவர் தாமே அவற்றைக் காண்பார்.

1816-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து மருத்துவர் லென்னெக், காகிதத்தைக் குழலாகச் சுருட்டி ஒரு நோயாளியின் நெஞ்சொலியைக் கேட்டார். ஸ்டெதாஸ்கோப் அவ்வாறு பிறந்தது. நோயாளி உணராத குறிகள் பல அதனால் மருத்துவர் செவிக்கு எட்டின. உயர் இரத்த அழுத்தமும் பெரும்பாலும் உணர்குறி எதனையும் தருவதில்லை. அளந்து பார்த்தாலன்றி வெளிப்படாது. ஆகவே 'எனக்கு ஒன்றும் இல்லை' என்பது உடல்நலத்துக்குச் சான்றாகாது.

அறிகுறியைக் காண மொழி வேண்டுவதில்லை. உணர்குறிக்கோ மொழியே வாயில். வடநாட்டில் வாழும் நம்மவர் இங்கேதான் இடர்ப்படுகின்றனர். குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், பாரம் என நாம் பிரித்துணரும் அனைத்தையும் 'தர்த்' என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். மாரடைப்பு பலருக்குக் கூரிய வலியாக அன்றி, நெஞ்சை அழுத்தும் பாரமாகவே தோன்றும். 'தர்த் உண்டா?' என்ற வினாவுக்கு 'இல்லை' என்று மட்டும் விடையிறுப்பது உயிருக்கே கேடாகலாம். பாரத்தை 'பாரீபன்' என்றும், எரிச்சலை 'ஜலன்' என்றும் சொல்லவேண்டும். 'மயக்கம்' என்பதும் இருபொருள் தரும் சொல். தலைசுற்றலாயின் 'சக்கர்', நினைவிழந்து வீழ்ந்ததாயின் 'பேஹோஷ்'. இரண்டுக்கும் காரணங்கள் வேறாக இருக்கலாம்.

'வாயுக்கோளாறு' என்று நோய்க்குப் பெயர் சூட்டுவது நம் வேலையன்று. எங்கே, எப்பொழுது தொடங்கிற்று, எதனால் மிகுகிறது, எதனால் தணிகிறது என்பவற்றையே சொல்வோமாக. அவசரமில்லாதபொழுது இவற்றைத் தமிழில் எழுதிக்கொண்டு, இருமொழியும் அறிந்த ஒருவருடன் செல்வது நன்று. நெஞ்சில் பாரம் தோன்றினாலோ, துணைக்கு ஆள் தேடிக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்க. நெஞ்சின்மேல் கைவைத்து 'பாரீபன்' என்றால் போதும்.