சக்கரம் நிமிரும் அந்த அரை வினாடி

புனே விமான் நகரிலிருந்து ஒரு வாசகர், பொறியியல் மாணவராம், கேட்டிருக்கிறார்: "சிம்பிள்பிளேன்ஸ் விளையாட்டில் போயிங் 777 கட்டிக்கொண்டிருக்கிறேன். சக்கரத் தொகுதி வானத்தில் சாய்ந்திருந்து, தரை தொட்டதும் நிமிர வேண்டும். நிமிரும்போது வெடவெடவென ஆடி, சில சமயம் விமானத்தையே தூக்கி எறிகிறது. மொட்டை மாடியில் நின்று லோஹேகாவ் விமான நிலையத்தில் இறங்கும் விமானங்களைக் கவனித்தால், எதற்கும் சக்கரம் சாய்வதாகத் தெரியவில்லை. எதைப் பார்த்துக் கற்றுக்கொள்வது?"

லோஹேகாவைப் பார்த்துப் பயனில்லை, தம்பி. அங்கே வந்து போவது பெரும்பாலும் ஏ320-ம் 737-ம்தான். ஒரு காலுக்குப் பக்கவாட்டில் இரண்டே சக்கரம், சாய எதுவும் இல்லை. விமானப்படையின் சுகோய்-30க்கோ பிரதானக் காலுக்கு ஒற்றைச் சக்கரம். முன்னும் பின்னுமாகச் சக்கரங்களைச் சுமக்கும் 'போகி' வேண்டுமென்றால் மும்பைக்குப் போய்ப் பெரிய விமானங்களுக்காகக் காத்திருக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1989 முதல் இந்தியன் ஏர்லைன்ஸ் வாங்கிய ஏ320-களில் காலுக்கு நான்கு சக்கரப் போகி இருந்தது. நம் ஊர்களின் வலுக்குறைந்த ஓடுபாதைகளில் எடையைப் பரப்புவதற்காகக் கேட்டு வாங்கிய ஏற்பாடு. உலகில் வேறு எந்த நிறுவனமும் அப்படி ஒரு ஏ320-ஐ ஆர்டர் செய்ததில்லை. அவையெல்லாம் ஓய்வுபெற்றுவிட்டன.

வரலாறு கேட்பவர்களுக்கு இவ்வளவு போதும்: 1946-இல் பறந்த பி-36 குண்டுவீச்சு விமானத்தின் முன்மாதிரிக்குக் காலுக்கு ஒரே சக்கரம், ஏறத்தாழ 2.8 மீட்டர் உயரம். அதைத் தாங்கும் ஓடுபாதைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிறகு நான்கு சக்கரப் போகிக்கு மாறினார்கள். காமெட் ஜெட் விமானமும் அதே வழியில்தான் வந்தது.

சாய்வுக்கு முதல் காரணம் சாதாரணமானது: இடப் பற்றாக்குறை. வயிற்றறைக்குள் மடங்கிப் போக 777-இன் போகி முன்பக்கம் 5 டிகிரி தாழ வேண்டும். ஆனால் கால் நீண்டதும் அது நேர் எதிராக, முன்சக்கரங்களை 13 டிகிரி தூக்கிக்கொள்கிறது. எனக்குப் பிடித்த பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

முதல் அச்சிலிருந்து கடைசி அச்சு வரை போகியின் நீளம் சுமார் 3 மீட்டர். நடுவில் கீல். பின்சக்கரம் ஓடுபாதையைத் தொட்ட கணத்திலிருந்து போகி முழுதாகப் படிய, கீல் இன்னும் மூன்றில் ஒரு பங்கு மீட்டர் இறங்கியாக வேண்டும். நல்ல விமானி வினாடிக்கு 0.6 மீட்டர் வேகத்தில் இறக்குகிறார் என்றால், அதற்கு அரை வினாடிக்கும் சற்று மேல் ஆகும். விமானம் 'இறங்கிவிட்டேன்' என்று தனக்குத்தானே தெரிவித்துக்கொள்வது அந்த இடைவெளியில்தான்.

கல்யாணப் பந்தியில் பெரியப்பா உட்காருவதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் பின்னால் ஒரு கை தரையில் ஊன்றும். பிறகு இடுப்பு. கடைசியாகச் சப்பணம். அவர் முழுசாகப் படியும் வரை பரிமாறுபவர் சாம்பார் வாளியோடு காத்திருப்பார். கை ஊன்றியதுமே ஊற்றினால் இலைக்குப் பதில் வேட்டிக்குப் போகும். 777-இல் பரிமாறுபவர் ஸ்பாய்லர். இறக்கையின் தூக்குவிசையைக் கொன்று எடை முழுவதையும் சக்கரத்தின் மேல் போடும் பலகை அது. போகி சாய்வு நீங்கிப் படிந்தால்தான் தானாக எழும். போயிங் 767-இன் பெரியப்பா முன்னால் கை ஊன்றுகிறவர். அதன் போகியில் முன்சக்கரம்தான் தாழ்ந்து தொங்கும். 777-300இஆரில் அவர் எழுந்திருக்கும்போதும் ஒரு வித்தை செய்கிறார்: புறப்படுகையில் போகியைப் பூட்டி, கடைசி அச்சின் மேல் எழும்புவதால் கால் நீண்டதுபோலாகி, நெடிய வால் தரையில் உரசாமல் தப்புகிறது.

பரிமாறத் தாமதமானாலும் ஆபத்துதான். 1993 செப்டம்பர் 14 அன்று வார்சாவில் லுஃப்தான்சாவின் ஏ320 ஒன்று ஈர ஓடுபாதையில் ஒரு காலை மட்டும் ஊன்றியது. மறு கால் தொட ஏறக்குறைய 9 வினாடி ஆயிற்று. இரு கால்களிலும் எடை விழும்வரை அல்லது சக்கரம் போதிய வேகத்தில் சுழலும்வரை ஸ்பாய்லர் எழக்கூடாது என்பது கணினிக்குக் கற்பித்த விதி. அது விதிப்படி காத்திருந்தது. விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் போய் மோத, இருவர் இறந்தார்கள்.

இனி விளையாட்டு. 'அச்சு அசல் நிஜம்' என்று விளம்பரம் செய்யும் சிமுலேட்டர்களில் சாயும் போகி அழகாகத்தான் தெரியும். ஆனால் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் வரிசையில் தரையைச் சந்திப்பவை சில தொடுபுள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருள்வில் கணக்கு, ஒரு தணிப்புக் கணக்கு. அந்தக் கணக்கின் மேல் போர்த்திய அசைபடமாகத்தான் போகியின் சாய்வு வழக்கமாக அமைகிறது. நீங்கள் செய்வது நேர்மையான வேலை: கீல், வில், எடை எல்லாம் நிஜமாகவே விசை வாங்குகின்றன. அதனால்தான் ஆடுகிறது.

காரணம் நேரம். சிம்பிள்பிளேன்ஸ் யூனிட்டி எஞ்சினில் ஓடுகிறது. அந்த எஞ்சின் இயல்பாக வினாடிக்கு 50 முறைதான் விசைகளைக் கணக்கிடும். உங்கள் போகி 500 கிலோ, வில்லின் விறைப்பு மீட்டருக்கு 50 லட்சம் நியூட்டன் என்று வையுங்கள். அது ஒருமுறை அதிர்ந்து திரும்ப 0.06 வினாடி, அதற்குள் மூன்றே கணக்கு. ஒவ்வொரு கணக்குக்கும் இடையில் சக்கரம் தரைக்குள் புதைந்துவிடும், எஞ்சின் பதறிப்போய் அளவுக்கு மீறி வெளியே தள்ளும், அடுத்த முறை இன்னும் ஆழமாகப் புதையும். இல்லாத ஆற்றல் கணக்குப் பிழையிலிருந்து பிறக்கிறது. விமானம் தூக்கி எறியப்படுவது அதனால்தான்.

போகியின் எடையை மூன்று நான்கு மடங்காக்கி, வில்லைத் தளர்த்துங்கள். நிஜ விமானத்தில் போகியை உரிய கோணத்தில் பிடித்துவைத்து, துள்ளாமல் அடக்கத் தனி ஹைட்ராலிக் உருளை உண்டு. உங்கள் கீலுக்கும் ஒரு ஷாக் அப்சார்பரைக் குறுக்கே கொடுங்கள். ஸ்பாய்லரை உயரத்தோடு இணைக்காதீர்கள். ஓடுபாதை மேடு பள்ளமாக இருந்தால் ஏமாந்துபோகும். 13 டிகிரி சரியாக அமைந்த பிறகு, 767 மாதிரி முன்பக்கம் தாழ வைத்தும் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். வில், எடை எதையும் மாற்ற வேண்டாம்.