காபோன் காட்டின் கணக்கு

மத்திய ஆப்பிரிக்காவின் அட்லாண்டிக் கரையில் இருக்கும் காபோன் நாட்டில் ஏறத்தாழ 88 விழுக்காடு நிலம் காடுதான். அங்கே மர வணிகத்தில் முதலிடம் ஒக்கூமே மரத்துக்கு. எடை குறைவு, ப்ளைவுட் செய்ய வாகானது.

ஒரு கன மீட்டர் ஒக்கூமே காய்ந்தபின் சுமார் 430 கிலோ இருக்கும். அதில் ஏறக்குறைய பாதி கார்பன். அத்தனையும் காற்றில் கலந்தால் 790 கிலோ கார்பன் டை ஆக்சைடு. 2019இல் நார்வே காபோனோடு ஓர் ஒப்பந்தம் போட்டது: பத்தாண்டுகளில் 15 கோடி டாலர் வரை, காட்டைக் காத்துத் தவிர்த்த கார்பன் டை ஆக்சைடில் சான்று பெற்ற டன்னுக்குக் குறைந்தது 10 டாலர். அந்த விலைக்கு, நம் ஒரு கன மீட்டர் மரத்தில் இருக்கும் கார்பனுக்கு எட்டு டாலர்கூடத் தேறாது. வெட்டி விற்றால் அதைப்போலப் பல மடங்கு வரும். பிறகு எவர் மரத்தை நிற்க விடுவார்?

காபோன் இதற்குக் கண்ட வழி, வெட்டுவதைக் குறைத்து ஒவ்வொரு மரத்திலும் கூடுதலாகச் சம்பாதிப்பது. 2010இல் அறுக்காத தடிகளின் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. தலைநகர் லிப்ரவில் அருகே என்கோக்கில் ஆலைகள் எழுந்தன. கூலி உள்ளூரிலேயே தங்கியது. காட்டைப் பிரித்து, ஆண்டுக்கொரு பகுதியில் மட்டும், ஹெக்டேருக்கு ஒன்றிரண்டு மரங்களை எடுக்கிறார்கள். எடுத்த இடத்துக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் திரும்புவதில்லை.

இதிலும் சேதம் உண்டு. வெட்டிய தடியில் போவதைவிட, அது சாயும்போது முறியும் பக்கத்து மரங்களாலும் இழுத்துச் செல்லும் பாதைகளாலும் போகும் கார்பன் அதிகம். கொடிகளை முன்பே அறுத்துவிட்டு, விழும் திசையைத் தீர்மானித்து வெட்டினால் இழப்பு குறையும். ஆனால் மரக் கடத்தலுக்கு அந்த மருந்து போதாது. 2019இல் ஒவெண்டோ துறைமுகத்தில், வெட்டத் தடை இருந்த கெவாசிங்கோ மரம் நிறைந்த 300க்கும் மேற்பட்ட கன்டெய்னர்கள் மாயமாயின. துணை அதிபரும் வனத்துறை அமைச்சரும் பதவி இழந்தார்கள்.

என்னைக் கோபப்படுத்துவது வேறொன்று. நார்வேயின் பணம், பழைய அளவிலிருந்து எவ்வளவு குறைத்தாய் என்று பார்த்துத் தரப்படுகிறது. என்றுமே பெரிதாக அழிக்காத நாடு எதைக் குறைத்துக் காட்டும்? தன் காடு ஆண்டுக்கு நிகரமாக 10 கோடி டன் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுகிறது என்கிறது காபோன். டன்னுக்கு 10 டாலர் என்றால் 100 கோடி டாலர். 2021இல் அதன் கைக்கு வந்த முதல் தவணை 1.7 கோடி.